ரத்தம் எட்டாத சாரம்

2006 ஏப்ரலில் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் அந்தோணி அட்டாலா தலைமையிலான குழு, முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்து அதனால் சிறுநீர்ப்பை கெட்டுப்போன ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தது. அவரவர் பையிலிருந்து கிள்ளி எடுத்த சிறு துண்டிலிருந்து செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, உடலுக்குள் நாளடைவில் கரைந்துபோகும் சாரம் ஒன்றில் அவற்றைப் படியவைத்து, அந்தச் சாரத்தைப் பழைய பையோடு சேர்த்துத் தைத்தது. நோயாளிகளின் வயது 4 முதல் 19 வரை. சராசரியாக 46 மாதங்கள் கண்காணித்த பின் வெளியிட்ட முடிவு நம்பிக்கை தருவதாக இருந்தது. ‘ஆய்வகத்தில் வளர்த்த உறுப்பு’ என்ற சொற்றொடர் பரவலாகப் புழங்கியது. எட்டு ஆண்டு கழித்து, 2014இல், அதே வழிமுறையை மருத்துவச் சந்தைக்குக் கொண்டுவரப் புறப்பட்ட டெஞ்சியன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் இரண்டாம் கட்டப் பரிசோதனை முடிவு ‘ஜர்னல் ஆஃப் யூராலஜி’யில் வெளியானது. பத்து இளையோர், அவர்களில் ஒருவருக்குக்கூடப் பையின் கொள்ளளவு குறிப்பிடும்படி கூடவில்லை. நால்வருக்குக் குடலடைப்போ பை கிழிதலோ ஏற்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் திவாலானது. முதல் செய்தியைப் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது செய்தி போய்ச் சேரவே இல்லை.

இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையிலான பள்ளத்துக்கு வழக்கமாக இரண்டு விளக்கங்கள் தரப்படுகின்றன. பயன்படுத்திய பாலிமர் சரியில்லை என்பது ஒன்று. நோயுற்ற பையிலிருந்து எடுத்த செல்கள் சரியில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் கடந்த கால் நூற்றாண்டின் பரிசோதனைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் வேறொன்று துலங்குகிறது. சாரத்தின் தலைவிதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அது தைக்கப்படும் இடம்: அங்கே ரத்தம் எவ்வளவு அருகில் இருக்கிறது, சுற்றியுள்ள திசு எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்பதுதான். ஆய்வகத்தில் எதைச் செய்தோம் என்பதில் செலவிட்ட கவனத்தில் பாதியைக்கூட இத்துறை நோயாளியின் உடலில் எங்கே வைக்கிறோம் என்பதில் செலவிடவில்லை.

முதலில், இந்த உறுப்பிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சிறுநீர்ப்பை 400, 500 மில்லிலிட்டர் வரை நிறையும். நிறையும்போது உள்ளே அழுத்தம் ஏறக்கூடாது. இதுதான் அதன் பெரிய திறமை. 1981இல் எட்வர்ட் மெக்குவயரும் சகாக்களும் முதுகுத்தண்டுப் பிளவுள்ள குழந்தைகளைக் கண்காணித்து, சிறுநீர் கசியும் கட்டத்தில் பையின் அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீர்மட்டத்தைத் தாண்டுபவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் ஆபத்து அதிகம் என்று காட்டினார்கள். இன்றுவரை அந்த எண் அறுவை மருத்துவரின் மனத்தில் எல்லைக்கோடாக நிற்கிறது. நரம்புக் கட்டுப்பாடு இல்லாத பை வருடக்கணக்கில் தடித்து, விறைத்து, விரிய மறுக்கும்; அழுத்தம் மேல்நோக்கிப் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். இரண்டாவது எதிர்பார்ப்பு, உள்ளே தேங்கியது ரத்தத்துக்குள் திரும்பக்கூடாது என்பது. பையின் உட்புறத்தை மூடியிருக்கும் அகன்ற மேல்மட்டச் செல்கள், யூரோபிளாக்கின் என்ற புரதத் தகடுகளால் இறுக மூடப்பட்டு, உடலிலேயே மிகக் கெட்டியான தடுப்புகளில் ஒன்றாக அமைந்திருக்கின்றன.

இப்போது நடைமுறையில் உள்ள மாற்று, குடலின் ஒரு துண்டை வெட்டி, பிளந்து, பையோடு ஒட்டுப்போடுவது. நூறாண்டுக்கு மேலான வழக்கம் இது. அழுத்தத்தைக் குறைப்பதில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் குடல் உறிஞ்சுவதற்கென்றே அமைந்த திசு. சிறுநீரிலிருந்து அம்மோனியத்தையும் குளோரைடையும் உறிஞ்சி ரத்தத்தை அமிலமாக்கும், சளியைச் சுரந்துகொண்டே இருக்கும், சளி கல்லாகும். சிறுகுடலின் கடைப்பகுதியை எடுத்தால் வைட்டமின் பி12 குறையும். சில நேரம் ஒட்டுப்போட்ட இடம் திடீரென்று கிழிந்து உயிருக்கே ஆபத்தாகும். பத்து வயதில் இந்த அறுவை செய்துகொண்ட பிள்ளை அறுபது வருடம் இவற்றோடு வாழவேண்டும். எனவே மாற்றுத் திசுவுக்கான தேவை உண்மையானது. ஆய்வாளர்களின் ஆசையில் மட்டும் பிறந்தது அல்ல.

அந்தத் தேடலின் முதல் பாதி முழுக்கத் தோல்விதான். 1917இல் ஹெரால்ட் நியூஹோஃப் நாய்களின் சிறுநீர்ப்பையைத் தசைப்போர்வைத் துண்டு கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். அதன்பின் பல பத்தாண்டுகளில் ஜெலட்டின் பஞ்சு, பாலிவினைல் பஞ்சு, டெஃப்லான், சிலிக்கோன் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் முயலப்பட்டது. கரையாத பொருள் எதுவானாலும் சிறுநீரில் உப்புப் படிந்து கல் சேர்ந்தது, கிருமி குடியேறியது, அல்லது உடல் அதைச் சுற்றித் தழும்பு வளர்த்து வெளியே தள்ளியது. கரைய வேண்டும் என்ற பாடம் இப்படித்தான் பிறந்தது. அதிலிருந்து இரண்டு குடும்பங்கள் கிளைத்தன. ஒன்று, விலங்கின் திசுவிலிருந்து செல்களை எல்லாம் கழுவி நீக்கி, கொலாஜன் வலையை மட்டும் மிச்சம் வைப்பது. பன்றியின் சிறுகுடல் உட்சுவர்ப் படலம் இதில் மிகப் பிரபலம். மற்றது, பாலிகிளைகாலிக் அமிலம் போன்ற செயற்கை பாலிமர். 1970களிலிருந்து கரையும் தையல் நூலாக அறுவை அரங்கில் புழங்கிவந்த அதே பொருள்தான். தண்ணீர் அதன் சங்கிலியை அறுக்க, சில வாரங்களில் வலுவிழந்து, சில மாதங்களில் மறைந்துவிடும்.

அந்தச் சாரம் எப்படி உருவாகிறது என்று கிட்டப்போய்ப் பார்ப்பது பயன் தரும். பாலிகிளைகாலிக் இழைகளை நெய்யாமல் கம்பளிபோல் அமுக்கித் தாளாக்குகிறார்கள். பை வடிவ அச்சில் அந்தத் துண்டுகளைத் தைத்து, இன்னொரு கரையும் பாலிமரின் கரைசலைப் பூசி விறைக்க வைக்கிறார்கள். பூச்சு இல்லாவிட்டால் ஈரம் பட்டதும் துவண்டு சரியும். வெளிப்புறத்தில் தசைச் செல்களை அடுக்குகிறார்கள். உட்புறத்தில் தடுப்புச் செல்களை. சில நாள் வளர்ப்பூடகத்தில் ஊறிய பிறகு அறுவை அரங்குக்குப் போகிறது. 1999இல் அட்டாலா குழுவினர் இம்முறையைப் பீகிள் நாய்களில் சோதித்தார்கள். பையின் பெரும்பகுதியை நீக்கிவிட்டு வெறுமனே தைத்து மூடிய நாய்களுக்குப் பழைய கொள்ளளவில் 22 விழுக்காடே மிஞ்சியது. செல் இல்லாத சாரம் வைத்தவற்றுக்கு 46. செல் படிந்த சாரம் வைத்தவற்றுக்கு 95. இந்த மூன்று எண்களின் பலத்தில்தான் மனிதப் பரிசோதனைகள் தொடங்கின. சாரம் மட்டும் போதாது, செல்லும் வேண்டும் என்று அவை தெளிவாகச் சொல்கின்றன. ஆனால் அந்த நாய்களின் பை நோயில்லாத பை என்பதை அப்போது யாரும் அழுத்திச் சொல்லவில்லை. வெட்டுவதற்கு முந்தைய நிமிடம் வரை அவற்றுக்கு நல்ல ரத்த ஓட்டமும் நல்ல நரம்பும் நல்ல செல்களும் இருந்தன.

ரத்தம் ஏன் இவ்வளவு முக்கியம்? உயிருள்ள செல்லுக்கும் மிக அருகிலுள்ள நுண்குழாய்க்கும் இடையே ஏறத்தாழ 100, 200 மைக்ரோமீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் ஆக்சிஜன் போய்ச் சேராது. பையின் சுவரோ மில்லிமீட்டர் கணக்கில் தடிமன் கொண்டது. தோல் ஒட்டு, வாய் உட்தோல் ஒட்டு போன்றவை பிழைப்பது எப்படி என்று அறுவை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும்: முதல் இரண்டு நாள் அடியிலுள்ள திசுவிலிருந்து ஊறும் நீரை உறிஞ்சி உயிர்தாங்கும், அடுத்த இரண்டு நாளில் ஒட்டின் நுண்குழாய்களும் படுகையின் நுண்குழாய்களும் வாயோடு வாய் சேரும். ஒட்டு மெல்லியதாக இருப்பதாலும், அதற்குள் ஏற்கெனவே குழாய்வலை இருப்பதாலும் இது நடக்கிறது. ஆய்வகச் சாரத்துக்குள் அப்படி ஒரு வலை கிடையாது. வெளியிலிருந்து புதிதாக முளைத்து வர வேண்டும். அதற்குள் நடுவிலுள்ள செல்கள் இறந்துவிடும். இறந்த இடத்தில் உடல் போடும் ஒட்டு தழும்பு, தழும்பு சுருங்கும். செல் படியாத குழாய்ச் சாரம் எவ்வளவு நீளம் வரை நல்ல திசுவாக மாறும் என்று ஆண் முயல்களின் சிறுநீர்ப் புறவழியில், அதாவது பையிலிருந்து சிறுநீரை வெளியேற்றும் குழாயில், அளந்து பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. அரை சென்டிமீட்டர் வரைதான். ஒன்று, இரண்டு, மூன்று சென்டிமீட்டர் சாரங்களில் தழும்பே நிரம்பியது. இரு முனையிலிருந்தும் செல்லும் ரத்தமும் ஊர்ந்து வந்து சந்திக்கக்கூடிய தூரம் அவ்வளவுதான் என்று அதற்குப் பொருள்.

2006ஆம் ஆண்டுக் கட்டுரைக்குள்ளேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஏழு பேருக்கும் ஒரே வகைச் சாரம் வைக்கப்படவில்லை. சிலருக்கு வெறும் கொலாஜன். சிலருக்குக் கொலாஜனும் பாலிகிளைகாலிக் அமிலமும் கலந்தது. சிலருக்குக் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புப் படலத்தை இழுத்துச் சாரத்தின் மேல் சுற்றினார்கள்; சிலருக்கு இல்லை. அந்தப் படலம் ரத்தக் குழாய்கள் நிறைந்தது. கலப்புச் சாரமும் படலப் போர்வையும் சேர்ந்தவர்களுக்குத்தான் கொள்ளளவு 1.58 மடங்கும் விரிந்துகொடுக்கும் தன்மை 2.79 மடங்கும் ஆனது. தலைப்புச் செய்திகள் செல்லைப் பற்றிப் பேசின. தரவோ போர்வையைப் பற்றியும் பேசியது. படலத்தைச் சுற்றினால் தீர்ந்ததே என்று கேட்கலாம். தீராது: படலத்திலிருந்து குழாய் முளைத்து உட்சுவரை எட்ட நாள்கள் ஆகும், செல்லுக்கு ஆக்சிஜன் சில மணி நேரத்துக்குள் வேண்டும்.

என் வாதத்துக்கு மிக வலுவான ஆதாரம் பையிலிருந்து கிடைக்கவில்லை. சிறுநீர்ப் புறவழியிலிருந்து கிடைக்கிறது. 2008இல் எகிப்தின் எல்-கஸ்ஸாபியும் அட்டாலாவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், புறவழி அடைப்புள்ள 30 பேர் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பாதிக்கு வாய் உட்தோல் ஒட்டு. மறு பாதிக்குச் செல் நீக்கிய சிறுநீர்ப்பைச் சாரம். சாரம் வைத்தவர்களில், முன்பு அதிகம் அறுவை செய்யப்படாத நல்ல படுகை உள்ள ஒன்பது பேரில் எட்டுப் பேருக்குப் பலித்தது. இரண்டோ அதற்கு மேலோ அறுவை செய்து தழும்பேறிய படுகை உள்ள ஆறு பேரில் இரண்டு பேருக்குத்தான் பலித்தது. பொருள் ஒன்று, முறை ஒன்று, ஆய்வுக்குழு ஒன்று. மாறியது படுகை மட்டுமே. வாய் உட்தோல் ஒட்டோ கெட்ட படுகையிலும் தாக்குப்பிடித்தது. தன் குழாய்வலையைத் தானே கொண்டுவரும் திசுவுக்கும், வெறுங்கையோடு வரும் சாரத்துக்கும் உள்ள வேறுபாடு இதைவிடத் துல்லியமாக எங்கும் அளக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் அது காட்டும் திசை முயல் ஆய்வின் திசையோடு ஒத்துப்போகிறது.

இதற்கு எதிராக மெக்சிகோ நகரத்தைக் காட்டுவார்கள். 2004க்கும் 2007க்கும் இடையில் அங்கே ஐந்து சிறுவர்களுக்கு, அவரவர் செல் படிந்த பாலிமர் குழாய் புறவழியாகப் பொருத்தப்பட்டது. 2011இல் லான்செட்டில் வந்த முடிவின்படி, ஐந்து பேருக்கும் பல ஆண்டுகள் கழித்தும் வழி திறந்தே இருந்தது. சிறுநீர் பாயும் வேகத்தின் இடைநிலை அளவு நொடிக்கு 27.1 மில்லிலிட்டர். அரை சென்டிமீட்டர் எல்லையை இது உடைத்துவிட்டதே என்பது நியாயமான கேள்விதான். பதில் இரண்டு பங்காக இருக்கிறது. அரை சென்டிமீட்டர் என்பது செல் இல்லாத சாரத்தின் எல்லை. இவை செல் படிந்தவை, புறவழிச் சுவரும் மெல்லியது, எனவே ரத்தம் நடக்கவேண்டிய தூரம் குறைவு. அதைவிட முக்கியம், புறவழி ஒரு பாதை. திறந்திருந்தால் போதும். அது அழுத்தம் ஏறாமல் அரை லிட்டரைத் தாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கவேண்டியதில்லை. கொஞ்சம் தழும்பு இருந்தாலும் பாதை வேலை செய்யும். பையில் கொஞ்சம் தழும்பு இருந்தால் பை விறைக்கும். ஐந்து பேர், ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், மெக்சிகோ முடிவு என் வாதத்தை மறுக்கவில்லை, அதன் எல்லையைச் சரியாக வரைந்து காட்டுகிறது என்றே சொல்வேன்.

அடுத்த மறுப்பு செல்லைப் பற்றியது. நோயுற்ற பையின் தசைச் செல்கள் ஆய்வகத்துக்கு வந்த பின்னும் தம் கோளாறை மறப்பதில்லை. ஆரோக்கியமான செல்களைவிட வேகமாகப் பெருகுகின்றன, ஆனால் குறைவாகவே சுருங்குகின்றன என்று 2004 முதல் ஆய்வுகள் காட்டியுள்ளன.  ஆகவே குற்றவாளி செல்தான் என்பார்கள். அப்படியானால் நல்ல செல்லைக் கெட்ட இடத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அதைச் செய்திருக்கிறார்கள். லைக்கன் ஸ்கிளரோசஸ் என்ற தழும்பு நோயால் புறவழி அடைபட்ட ஐந்து பேருக்கு, அவரவர் வாயின் ஆரோக்கியமான செல்களை, செல் நீக்கிய மனிதத் தோலில் வளர்த்து வைத்தார்கள். மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவான கண்காணிப்பில், ஒருவருக்கு ஒட்டு முழுவதையும் இன்னொருவருக்கு ஒரு பகுதியையும் தழும்பேறியதால் வெட்டி எடுக்க நேர்ந்தது. மற்ற மூவருக்கும் ஒட்டு நின்றது. ஆனால் அவ்வப்போது கருவி நுழைத்து வழியை விரிக்க வேண்டியிருந்தது. செல்லில் குறை இல்லை. மாறாக, ஸ்டாக்ஹோமில் பிறவிக் குறை உள்ள ஆறு சிறுவர்களுக்கு, சிறுநீர்ப்பையைக் கழுவிய நீரிலிருந்து திரட்டிய செல்களை வளர்த்துச் செய்த ஒட்டுகள் பல ஆண்டு கடந்தும் நன்றாக இருந்தன. கத்தி அதிகம் படாத, நோய் இல்லாத படுகை அவர்களுடையது.

பொருளை மேம்படுத்தினால் சரியாகிவிடும் என்ற மூன்றாவது மறுப்புக்கு நான் பாதி இணங்குகிறேன். பாலிகிளைகாலிக் இழை விறைப்பானது. கரையும்போது அமிலம் விட்டு அழற்சியைத் தூண்டும். பன்றிக்குடல் படலமும் தனியாக நின்று பையைப் பெரிதாக்கவில்லை என்று 2013இல் வந்த ஜெர்மானிய ஆய்வு நீண்டகால முடிவோடு சொல்லிவிட்டது. சிகாகோவில் அருண் சர்மாவும் கில்லெர்மோ அமீரும் சிட்ரிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்ட, ரப்பர்போல் இழுபடும் பாலிமரை உருவாக்கி, 2024இல் பபூன் குரங்குகளில் இரண்டு ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். குடல் ஒட்டோடும் பன்றிக்குடல் படலத்தோடும் ஒப்பிட்டே செய்த ஆய்வு அது. இத்துறையில் அபூர்வமான நேர்மை. ஆனால் அவர்கள் அந்த பாலிமரில் படியவைத்தது எலும்பு மஜ்ஜைச் செல்கள். அவற்றில் ஒரு வகை புது ரத்தக் குழாய் முளைக்கத் தூண்டுவது. இழுபடும் பொருள் பாதி விடை. மீதி விடையை அவர்களும் ரத்தத்தில்தான் தேடினார்கள். அந்தக் குரங்குகளும் முதுகுத்தண்டுப் பிளவுள்ளவை அல்ல என்பதை மறக்கக்கூடாது.

நம் பக்கத்திலும் ஒரு சிறு முயற்சி நடந்தது. ஹைதராபாத்தின் சிறுநீரக அறுவை மருத்துவர்களும் சென்னையிலுள்ள நிச்சி-இன் மீளுருவாக்க மருத்துவ மையமும் சேர்ந்து, வாய்ச் செல்களை வெப்பத்தில் கெட்டிப்பட்டுக் குளிரில் இளகும் ஒரு ஜப்பானியக் களிமத்தில் ஏற்றி, உள்நோக்கி வழியாகவே புறவழி அடைப்பில் வைத்தார்கள். ஆறு பேரில் நால்வருக்கு மூன்று ஆண்டு கழித்தும் சிறுநீர் தடையில்லாமல் போனது. இருவருக்கு அடைப்பு திரும்பியது. இங்கே சாரம் என்று சொல்வதற்கு மெல்லிய படிவுதான். ரத்தம் நடக்கவேண்டிய தூரம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பெரிய உறுப்பைக் கட்டியெழுப்பும் கனவோடு ஒப்பிட்டால் இது எளிமையானது. அதனாலேயே எனக்கு இது அதிக நம்பிக்கை தருகிறது.

பெரிய பிழை, என் கணிப்பில், வரிசையில் நிகழ்ந்தது. மெல்லிய, குறுகிய, நல்ல படுகையுள்ள இடத்தில் தொடங்கி, தடித்த, அகன்ற, கெட்ட படுகைக்குப் போயிருக்க வேண்டிய துறை, மிகக் கடினமான நோயாளியிலிருந்து தொடங்கியது. வேறு வழியில்லாதவர்களுக்கே புதிய சிகிச்சையை முதலில் தர முடியும் என்ற அறநெறி இதற்குக் காரணமாகச் சொல்லப்படும். அது நியாயமான அறநெறி. ஆனால் குடல் ஒட்டு என்ற வழி இருந்தபோது அவர்களை வேறு வழியில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. இதற்கிடையில் 2025 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில், இறந்தவரின் சிறுநீர்ப்பையே சிறுநீரகத்தோடு சேர்த்து ஒருவருக்கு மாற்றிப் பொருத்தப்பட்டது. தன் ரத்தக் குழாய்களோடு வரும் உறுப்பு என்பதால் அதைத் தைத்த உடனே ரத்தம் பாய்கிறது. ஆனால் வாழ்நாள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிட வேண்டும் என்பதால், ஏற்கெனவே சிறுநீரகமும் தேவைப்படும் சிலருக்கே அது பொருந்தும்.

எனவே பையைப் பெரிதாக்கும் அடுத்த மனிதப் பரிசோதனை எந்தச் சாரத்தோடு வந்தாலும், அது குடல் ஒட்டு செய்துகொண்டவர்களோடு நேருக்கு நேர் ஒப்பிடப்பட வேண்டும். நுண்ணோக்கியில் அழகாகத் தெரியும் அடுக்குகளின் படத்தைக் காட்டுவது போதாது. மூன்றாம் ஆண்டிலும் பை நிறையும்போது அழுத்தம் 40க்குக் கீழே நிற்கிறதா என்ற எண்ணைத் தர வேண்டும். வைத்த சாரத்துக்குள் முதல் வாரத்தில் ரத்தம் எவ்வளவு ஆழம் போனது என்பதையும் அளந்து சொல்ல வேண்டும். அதுவரை, முதுகுத்தண்டுப் பிளவுள்ள பிள்ளையின் பெற்றோர் ‘ஆய்வகச் சிறுநீர்ப்பை’ பற்றிக் கேட்டால் மருத்துவர் நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: பையைப் பெரிதாக்க இன்று நிரூபணமான வழி குடல் ஒட்டு.